ஷோரூமில் 24 கி.மீ... மலையில் 10 கி.மீ! கொடைக்கானலில் புது கார்களின் பெட்ரோல் எங்கே போகிறது?

கொடைக்கானல்:

கடன் வாங்கி, முன்பணம் கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி ஓட்டி வந்த புது கார் ஒரே வாரத்தில் முகத்தை தொங்கப்போட வைக்கிறது. 'லிட்டருக்கு 24 ஓடும்னாங்க, 10-ஐ தாண்ட மாட்டேங்குது' என்ற புலம்பல் பழனி மலை பகுதியில் கார் வைத்திருப்பவர்கள் பலரிடம் சாதாரணமாக கேட்கலாம்.

சின்ன கார் வாங்குபவர் யாரும் சொகுசுக்காக வாங்குவதில்லை. டாக்சி ஓட்டி பிழைப்பவர், பூம்பாறை, மன்னவனூரில் இருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி இறக்குபவர், வத்தலக்குண்டு சந்தைக்கு தினமும் போய் வருபவர். இவர்களுக்கு மைலேஜ் என்றால் அடுப்பில் உலை வைக்கிற கணக்கு. 5 கி.மீ. குறைந்தால் மாத தவணையில் கை வைக்கும்.

கம்பெனி ஏமாற்றுகிறதா? பங்கில் பெட்ரோல் சரியில்லையா? வண்டியிலேயே கோளாறா? மூன்று சந்தேகமும் எழுகிறது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய பங்கு மலைக்குத்தான்.

அந்த 24 எங்கிருந்து வந்தது?

விளம்பரத்தில் போடும் மைலேஜ் ரோட்டில் ஓட்டி எடுத்தது இல்லை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில், கூடத்துக்குள்ளேயே உருளைகள் மேல் காரை நிறுத்தி சக்கரத்தை சுற்ற விடுவார்கள். கார் நின்ற இடத்திலேயே ஓடும். மொத்தம் 20 நிமிஷம் கூட ஆகாது. ஓடுகிற தூரம் 11 கி.மீ.க்கு உள்ளேதான். சராசரி வேகம் 32 கி.மீ. ஒரு கட்டத்தில் மட்டும் 90 கி.மீ. வரை போகும்.

அந்த சோதனையில் ஏ.சி. கிடையாது. மேடு பள்ளம் கிடையாது. கொண்டை ஊசி வளைவு கிடையாது. பின் சீட்டில் மாமியார், மச்சான், மூன்று பெட்டி எதுவும் கிடையாது. எல்லா காருக்கும் ஒரே மாதிரி பரீட்சை வைத்து, எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிடத்தான் அது உதவும்.

2009-ல் வந்த டாடா நானோவுக்கு 23.6 கி.மீ. என்று சான்று கிடைத்தது. 2022-ல் வந்த ஆல்டோ கே 10 ஆட்டோ கியர் வண்டிக்கு 24.90 கி.மீ. என்று அறிவித்தார்கள். இரண்டுமே பரீட்சை கூடத்து மார்க். விளம்பரத்தில் எண் மட்டும் பூசணிக்காய் சைசில் இருக்கும். 'சோதனை நிலையில்' என்ற வார்த்தையை பூதக்கண்ணாடி வைத்து தேட வேண்டும். விற்பவர்கள் அதை வாயால் சொல்வதும் அபூர்வம்.

சமவெளி ரோட்டில், ஏ.சி. போட்டு, நிதானமாக ஓட்டினால் இந்த 24 என்பது 18 ஆகும். அதை கோளாறு என்று சொல்ல முடியாது. மலை ஏறினால் கதையே வேறு.

1,150 கிலோவை தூக்கிக்கொண்டு...

வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானல் சுமார் 55 கி.மீ. இந்த தூரத்தில் ரோடு ஏறுகிற உயரம் சுமார் 1,800 மீட்டர், அதாவது 5,900 அடி. பழனி முருகன் கோவில் மலை ஏறக்குறைய 450 அடி. அதைப்போல 13 மலையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற உயரம்.

சின்ன காரின் எடை 800 கிலோ. 5 பேர் 300 கிலோ. பெட்டி, படுக்கை 50 கிலோ. மொத்தம் 1,150 கிலோ. இதை 13 பழனி மலை உயரத்துக்கு தூக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்கு போகாது. நாலில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் அதைவிட கொஞ்சம் கூடுதல். மீதி எல்லாம் சூடாக ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் வீணாகிறது. இந்த கணக்கை போட்டு பார்த்தால், உயரம் தூக்குவதற்கு மட்டுமே 2 லிட்டருக்கு மேல் தேவை.

சமவெளியில் 55 கி.மீ. ஓட 3 லிட்டர். மலை ஏற்றத்துக்கு கூடுதலாக இரண்டே கால் லிட்டர். ஆக மொத்தம் ஐந்தேகால் லிட்டர். 55-ஐ வகுத்தால் லிட்டருக்கு பத்தரை கி.மீ. எந்த கம்பெனி கார் வாங்கினாலும் இந்த எடையை இந்த உயரத்துக்கு கொண்டுபோக இவ்வளவு பெட்ரோல் எரிந்தே தீரும். மெக்கானிக்கை திட்டி பிரயோஜனம் இல்லை.

அதனால்தான் காட்ரோட்டில் டேங்கை நிரப்பிவிட்டு கொடைக்கானலில் மீட்டரை பார்ப்பவருக்கு நெஞ்சு பதறுகிறது. அவர் பார்ப்பது பாதி கணக்கு.

இறங்கும்போது திரும்பி வருகிற காசு

இப்போதைய பெட்ரோல் கார்கள் எல்லாம் இன்ஜெக்டர் வண்டி. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினை சுற்றும். கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சொட்டு கூட போகாது. இதை மலையில் பழகிய டிரைவர்கள் என்ஜின் பிரேக் என்பார்கள்.

2-வது, 3-வது கியரில் இறங்கினால் 55 கி.மீ. இறக்கத்துக்கு ஒன்றரை லிட்டர் போதும். ஏற்றத்துக்கு ஐந்தேகால், இறக்கத்துக்கு ஒன்றரை. 110 கி.மீ.க்கு ஆறே முக்கால் லிட்டர். சராசரி 16 கி.மீ. வந்துவிட்டது. ஏறி இறங்கியபிறகு கணக்கு பார்த்தால் புது காரின் மேல் வந்த கோபம் பாதி குறையும்.

ஆனால் இங்கேதான் சிலர் உயிரோடு விளையாடுகிறார்கள். ஏறும்போது போன பெட்ரோலை இறங்கும்போது பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுகிறார்கள். இன்னும் சிலர் சாவியையே திருப்பி ஆப் செய்துவிடுகிறார்கள். கார்புரேட்டர் காலத்து பழக்கம் இது.

நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க கம்ப்யூட்டர் பெட்ரோல் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கியரில் இறங்கினால் சுத்தமாக நிற்கும். ஆக நியூட்ரல் போட்டால் செலவு கூடுகிறதே தவிர குறையவில்லை.

அதைவிட மோசம், வண்டியின் எடை முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. டம்டம் பாறை வளைவுகளில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் டிஸ்க் சூடேறி, கருகல் வாடை வரும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரையில் போய் உட்காரும். மிதித்தாலும் பிடிக்காது. சாவியை ஆப் செய்தால் இன்னும் ஆபத்து. பவர் ஸ்டியரிங் கல்லாக இறுகும். பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் வெற்றிட சக்தி இருக்கும். அதற்கு அப்புறம் மரக்கட்டையை மிதிப்பது போல்தான். ஒரு டம்ளர் பெட்ரோலுக்காக பள்ளத்தாக்கை எட்டிப்பார்க்கும் வேலை இது.

டாக்சிகாரர்களுக்கு விழும் அடி

சுற்றுலா பயணிக்கு ஒரு நாள் நஷ்டம். வாடகை கார் ஓட்டுபவருக்கு தினமும் நஷ்டம். புது கார் வாங்கி முதல் சீசன் ஓட்டுபவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

மதுரையில் இருந்து வத்தலக்குண்டு வரை போய் வர 130 கி.மீ. மலை ஏறி இறங்க 110. ஏரி, பில்லர் ராக்ஸ், குணா குகை என்று ஊருக்குள் சுற்ற 30. மொத்தம் 270 கி.மீ. விளம்பர கணக்கில் 24-ஆல் வகுத்தால் பதினொன்றே கால் லிட்டர்.

நிஜத்தில் சமவெளிக்கு 7, மலைக்கு ஆறே முக்கால், ஊருக்குள் நெரிசலில் 3. எல்லாம் சேர்த்து 17 லிட்டர் பக்கம். கிட்டத்தட்ட 6 லிட்டர் துண்டு விழுகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ட்ரிப்புக்கு 600 ரூபாய். மாதம் 10 ட்ரிப் ஓட்டினால் 6 ஆயிரம். ஷோரூம் எண்ணை நம்பி பேக்கேஜ் ரேட் பேசியவர் கைக்காசை போட்டுத்தான் சவாரி ஓட்டுகிறார்.

சீசன் கூட்டம் வேறு. மதுரை, சென்னை பக்கம் இருந்து வரும் வண்டிகளை கட்டுப்படுத்த ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந்தேதி முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனுக்கு கொடைக்கானலில் வார நாட்களில் 4 ஆயிரம், சனி, ஞாயிறில் 6 ஆயிரம் வண்டிகள் என்று உச்சவரம்பும் போட்டார்கள். கூட்டம் கூடும் நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சி சுங்கச்சாவடியிலும் மூஞ்சிக்கல்லிலும் ஏழு ரோட்டிலும் வண்டி ஊர்கிறது.

ஏற்றத்தில் நின்று நின்று போவதுதான் பெட்ரோலுக்கு எமன். ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்தில் இருந்து அத்தனை எடையையும் கிளப்ப வேண்டும். ஹேண்ட் பிரேக் போடாமல் அரை கிளட்ச்சில் வண்டியை பிடித்து நிறுத்துபவர்களுக்கு பெட்ரோலோடு கிளட்ச் பிளேட்டும் போகும். கீழே இறங்கும் வண்டி, மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதியே இருக்கிறது. குறுகிய மலை ரோட்டில் அதை மதிக்காமல் இறங்கி வருபவர், ஏறி வருபவரின் பெட்ரோலையும் சேர்த்து எரிக்கிறார்.

மெல்லிய காற்று செய்யும் வேலை

கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 7 ஆயிரம் அடி. அங்கே காற்று சமவெளியைவிட 5-ல் ஒரு பங்கு மெல்லிசு. டர்போ இல்லாத சின்ன என்ஜினுக்கு இதனால் சக்தி குறையும். கீழே 67 குதிரை சக்தி என்றால் மேலே 54 பக்கம் வந்துவிடும். பிக்கப் போய்விட்டது, என்ஜின் வீக் என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். கீழே இறங்கினால் தானாக சரியாகும்.

மெல்லிய காற்று நேரடியாக பெட்ரோலை குடிப்பதில்லை. இழுக்கவில்லையே என்று டிரைவர் முதல் கியர், 2-வது கியரில் என்ஜினை அலற விடுகிறாரே, அதில்தான் போகிறது. நேர்மாறாக, மைலேஜ் வேண்டும் என்று 4-வது கியரிலேயே பிடிவாதமாக ஏற்றி என்ஜினை திணற விடுவதும் தப்பு. வண்டி உதறாமல், அலறாமல் இழுக்கும் கியர் எதுவோ அதுதான் சரி. ஆட்டோ கியர் வண்டியில் வளைவுக்கு வளைவு கியர் மாறி மாறி குழம்பும். ஏற்றத்தில் மேனுவல் மோடுக்கு மாற்றி ஓட்டினால் அந்த தொல்லை இல்லை.

உள்ளூர்காரர்களின் தனி பிரச்சினை

மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு ஏறி இறங்கி சராசரி பார்க்கும் வசதி கூட இல்லை. நாயுடுபுரத்தில் இருந்து மூஞ்சிக்கல், அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப வீடு. ஒவ்வொன்றும் 2 கி.மீ., 3 கி.மீ. மார்கழி, தை குளிரில் என்ஜின் சூடாவதற்குள் போகும் இடமே வந்துவிடும்.

என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை கூடுதலாக விடும். ஆயிலும் கெட்டியாக இருக்கும். எப்போதும் குளிர்ந்த என்ஜினிலேயே ஓடுகிற கார் 8, 9 கி.மீ. காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. காலையில் 10 நிமிஷம் ஸ்டார்ட் செய்து சும்மா நிறுத்துவதாலும் பயன் இல்லை. நின்றபடி ஓடும் சின்ன கார் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். அரை நிமிஷம் விட்டு, மெதுவாக ஓட்ட ஆரம்பித்தால் சீக்கிரம் சூடாகும். மூன்று வேலையை ஒரே நடையில் முடித்தால் இன்னும் நல்லது.

மேலே கேரியர் கட்டி காய்கறி மூட்டை ஏற்றுபவர்களுக்கு எடையோடு காற்று தடையும் சேருகிறது. சரக்கு இல்லாத நாளிலும் கேரியரை கழற்றாமல் ஓட்டுபவர்கள் உண்டு.

பெட்ரோலிலும் மாற்றம்

பங்கில் மோசடி என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுவதும் பரவிவிட்டது. முதலில் 2030 என்று வைத்த இலக்கை 5 வருஷம் முன்னால் இழுத்தார்கள்.

எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் ஓடும் தூரம் கொஞ்சம் குறையத்தானே செய்யும்? நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே, பழைய மாதிரி என்ஜின் உள்ள கார்களில் 6 முதல் 7 சதவீதம், இ-20-க்கு ஏற்ப செட் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்று சொல்லியிருந்தது. 2025 ஆகஸ்டில் எதிர்ப்பு கிளம்பியபோது பெட்ரோலிய அமைச்சகமும் சிறிய குறைவு உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று போட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பர் 1-ந்தேதி தள்ளுபடி செய்தது.

புது கார் என்றால் இதனால் குறைவது லிட்டருக்கு அரை கி.மீ. கூட இருக்காது. 24 எப்படி 10 ஆனது என்பதற்கு இ-20-ஐ மட்டும் காரணம் காட்ட முடியாது. அதே சமயம் சக்தி குறைந்த பெட்ரோலுக்கு விலை குறையவில்லையே என்ற மக்களின் கேள்வி நியாயமான கேள்விதான்.

புது வண்டியின் இறுக்கம்

புது என்ஜினில் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இறுக்கமாக இருக்கும். டயரும் புது ரப்பர். முதல் 2 ஆயிரம், 3 ஆயிரம் கி.மீ. வரை மைலேஜ் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். முதல் ஆயிரம் கி.மீ.க்குள்ளேயே ஆள் நிறைய ஏற்றி மலையில் விரட்டி ஓட்டிவிட்டு கணக்கு கேட்பது சரியில்லை.

டேஷ் போர்டில் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். டேங்கை பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, கிலோ மீட்டரை குறித்துக்கொள்ள வேண்டும். 300, 400 கி.மீ. ஓட்டியபிறகு அதே பங்கில், அதே மாதிரி மறுபடி நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை, இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் நிஜ மைலேஜ். மலைக்காரர்கள் ஏற்றத்தோடு இறக்கத்தையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று தடவை எடுத்தால் ஏறக்குறைய சரியாக தெரிந்துவிடும்.

3 ஆயிரம் கி.மீ. தாண்டியும் சமவெளியில், டயரில் காற்று சரியாக இருந்தும், 13, 14-ஐ தாண்டவில்லை என்றால் வண்டியில் ஏதோ இருக்கிறது. பிரேக் விடாமல் பிடிப்பது, வீல் அலைன்மென்ட், ஆக்சிஜன் சென்சார் என்று பார்க்க வேண்டும். வண்டி ஓட்டியபிறகு ஒரு சக்கரம் மட்டும் தனியாக கொதித்தால் பிரேக் ஒட்டுகிறது என்று அர்த்தம்.

கம்பெனிகள் மாட்டிய கதை

மலை மேல் பழியை போட்டுவிட்டு கம்பெனிகள் தப்பிக்கவும் முடியாது. ஜப்பானில் மிட்சுபிஷி நிறுவனம் 6 லட்சத்து 25 ஆயிரம் மினி கார்களின் மைலேஜ் சோதனையில் தில்லுமுல்லு செய்ததை 2016 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. நிசான் பெயரில் விற்ற கார்களும் அதில் அடக்கம். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களுக்கு மைலேஜை கூட்டி சொன்னது 2012-ல் வெளியானது. 2014-ல் 10 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. கேரளாவில் லிட்டருக்கு 32 கி.மீ. என்று விளம்பரம் பார்த்து 2014-ல் போர்டு டீசல் கார் வாங்கிய பெண் திருச்சூர் நுகர்வோர் ஆணையத்துக்கு போனார். நிபுணரை வைத்து ஓட்டி பார்த்ததில் 19.6 கி.மீ. தான் வந்தது. 2022-ல் 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவானது.

இன்னொரு வழக்கு மாருதி கார் சம்பந்தப்பட்டது. 16 முதல் 18 கி.மீ. என்ற விளம்பரத்தை நம்பி 2004-ல் வாங்கியவருக்கு கிடைத்தது 10.2 கி.மீ. அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் உறுதி செய்தது 2024 ஜனவரியில். கார் வாங்கி 20 வருஷம் ஆகிவிட்டது. அந்த காரே பேரீச்சம்பழத்துக்கு போயிருக்கும்.

இரண்டு வழக்கிலும் ஜெயித்தவர்கள் கையில் ஆதாரம் இருந்தது. மலை மைலேஜை காட்டி வழக்கு போட்டால் நிற்காது. சமவெளியில் எடுத்த கணக்கு, பெட்ரோல் பில்கள், சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கொடுத்த புகார், கம்பெனி விளம்பரம் ஆகியவற்றை பத்திரப்படுத்த வேண்டும்.

2019 நுகர்வோர் சட்டப்படி, கார் எங்கே வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடைக்கானல், பழனி பகுதிக்காரர்கள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை தெரிந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஆலோசனை கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.